வள்ளியாச்சி வீட்டுப் பூனை

மூன்று வருஷமாகத் தமிழ்த் தினக் கட்டுரைப் போட்டிக்குப் போய்வருகிறவள் பஸ்னா. யட்டியாந்தோட்டைப் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். பாடசாலையிலிருந்து ஒரு கட்டுரைதான் மாகாணத்துக்குப் போகும். இந்த வருஷம் அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ரப்பர் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் இருக்கும் சுதர்ஷினி தலைகீழாக நின்றாள். ஆசைக்கு அளவேது?

தமிழ் ஆசிரியர் ஹலீம் சேர் கொடுத்த தலைப்பு இது: வள்ளியாச்சியின் மனப்பாங்கு மாறுவதை ஆராய்க. வள்ளியாச்சி ஒரு நாவலில் வருகிற மாமியார். பாடசாலை நூலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, அதுவும் அட்டை போனது. முதல் பத்து நாள் பஸ்னாவுக்கு, அடுத்த பத்து நாள் சுதர்ஷினிக்கு என்று சேர் பங்கு பிரித்துவிட்டார்.

ஆனால் எட்டாம் நாளே பஸ்னா வந்து புத்தகத்தை நீட்டினாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “லயத்துப் புள்ளைங்களுக்குக் கட்டுரை எல்லாம் வருமா” என்று ஏழாம் வகுப்பில் பஸ்னா கேட்டது சுதர்ஷினியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போதும் பஸ்னா புத்தகத்தைக் கொடுத்தாள், போனாள். பார் பெருமையை, சீக்கிரம் படித்து முடித்துவிட்டேன் என்று காட்டுகிறாள் என்று சுதர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அவள் கட்டிக் கொடுத்த பையின் முடிச்சைத் திட்டிக்கொண்டே அவிழ்த்துத் திறந்தால், புத்தகம் நடுவில் இரண்டாகப் பிளந்து மடியில் விழுந்தது. சேர் கண்டால் தோலை உரித்துவிடுவார். ரப்பர் தோட்டத்துப் பிள்ளை பசை வாங்கக் கடைக்கா ஓடும்? செருப்பு பிய்ந்தால் ரப்பர் பால், பந்து வெடித்தால் ரப்பர் பால். அம்மா இலட்சுமி பால் வெட்டிவிட்டு வந்து வாசலில் வைத்திருந்த வாளியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வழித்துத் தாராளமாகப் பூசி, அம்மிக்கல்லைத் தூக்கிப் புத்தகத்தின்மேல் வைத்தாள். காலையில் பார்த்தபோது புத்தகம் புதுசு மாதிரி இறுகியிருந்தது. அவளுக்குத் தன் கைவேலையில் ஒரே பெருமை.

மறுநாள் மழை. மழைக்குப் பால் வெட்டு இல்லை என்பதால் அம்மா விறகுக்குப் போய்விட்டாள். சுதர்ஷினி அடுப்பில் உலையை ஏற்றிவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

வள்ளியாச்சி லேசுப்பட்டவளா? மகன் தன்னிஷ்டத்துக்குக் கட்டிவந்த பவளத்தை வாசற்படி ஏறவிடவில்லை. கொல்லைப்புறக் கொட்டிலில் கிட என்று தள்ளிவிட்டாள். பாதிப் புத்தகம் வரைக்கும் வாயைத் திறந்தால் வசவுதான். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால், அதே வள்ளியாச்சி பவளத்தை நடுவீட்டில் உட்காரவைத்துச் சோறு போடுகிறாள்! காரணம்? ஒரு வரி இல்லை. சுதர்ஷினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்றுவரை பேயாட்டம் ஆடியவள் இன்றைக்கு எப்படித் தாயானாள்?

காரணத்தை எழுத்தாளர் வேண்டுமென்றே ஒளித்துவைத்திருக்கிறார், வாசிக்கிறவள்தான் தோண்டி எடுக்க வேண்டும் என்று அவள் முடிவுகட்டினாள். முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். ஆரம்பத்தில் “அந்தச் சனியன்” என்றே சொல்லிக்கொண்டிருந்த மாமி, ஓரிடத்தில் “பவளம்” என்று பேர் சொல்லித் திட்டுகிறாள். திட்டுத்தான், ஆனால் பேர் வந்துவிட்டதே. இன்னும் நாலு பக்கம் தள்ளி, கொல்லைப் படியில் ஒரு சட்டி மோர் வைக்கிறாள். யாருக்கென்று புருஷன் கேட்டால், பூனைக்கு என்கிறாள். பூனையா? சுதர்ஷினி புத்தகம் முழுக்கப் பூனையைத் தேடினாள். மாடு இருந்தது, கோழி இருந்தது, கிழட்டு நாய் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் பூனையே இல்லை.

அப்படியானால் அந்த மோர் யாருக்கு? எழுந்து ஒரு குதி குதித்தாள். சோறு அடிப்பிடித்து வீடே புகைந்துகொண்டிருந்ததுகூடத் தெரியவில்லை. விறகோடு வந்த அம்மா, “சோத்தக் கரிக்கிட்டு என்னடி ஆட்டம்?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். அதுவும் அன்றைக்கு வலிக்கவில்லை.

கட்டுரை கைநிற்காமல் ஓடியது. தட்டில் ஊற்றிய ரப்பர் பால் காலையில் கட்டியாகக் கிடக்கும், ஆனால் அது காலையிலா உறைந்தது, இரவெல்லாம் யாரும் பார்க்காமல் உறைந்துகொண்டுதானே இருந்தது, வள்ளியாச்சியின் மனசும் அப்படித்தான் என்று எழுதி முடித்தாள்.

போட்டிக் கட்டுரைகளை வகுப்பில் வாசிக்கச் சொன்னார் சேர். முதலில் பஸ்னா. வள்ளியாச்சிக்குக் கடும் காய்ச்சல் வந்தது, பவளம் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டாள், அந்த நன்றியில்தான் மாமியின் மனம் மாறியது என்று கணீரென்று வாசித்தாள்.

எந்தக் காய்ச்சல்? சுதர்ஷினிக்கு மண்டை காய்ந்தது. இப்படியா பச்சைப் பொய்யைக் கூசாமல் எழுதுவாள்? பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றாள்.

“சேர், காய்ச்சல் எல்லாம் புத்தகத்துல இல்லீங்க. இவ சொந்தமா கதை விடுறா.”

சேர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். நடுவில் இரண்டு தாள் ஒரே தாளாகத் தடித்துக் கிடந்தது. விரலால் நெருடினார், இழுத்தார். ரப்பர் நூல்நூலாக நீண்டது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. சுதர்ஷினிக்கு அங்கேயே நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. பூசிய பால் வழிந்து விளிம்போடு ஒட்டி, ஒன்றரைப் பக்க அத்தியாயத்தை அப்படியே விழுங்கியிருந்தது. பக்க எண்ணையாவது பார்த்திருக்கக்கூடாதா? போச்சு, எல்லாம் போச்சு.

சேர் பிளேடால் மெல்லக் கீறி, தாளைப் பிரித்து உரக்க வாசித்தார். ஆமாம், காய்ச்சல்தான். பவளம் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போடுகிறாள். வள்ளியாச்சி கண் திறக்காமல் பிதற்றுகிறாள்: “பூனைக்கு மோர் வெச்சாச்சா? பாவம், அது வாய்விட்டுக் கேக்காது.” பவளம் குனிந்து பதில் சொல்கிறாள்: “குடிச்சிட்டேன் மாமி.”

சுதர்ஷினிக்கு வெட்கம் எங்கே போனதோ, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சேர் கேட்காமலே தன் கட்டுரையை எடுத்து, பேர் சொன்ன இடத்தையும் பூனை இல்லாத வீட்டையும் வாசித்தாள். முடிக்கும்போது எழுதாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

“காய்ச்சல் கதவத் தள்ளுச்சு, அவ்வளவுதாங்க சேர். தாழ்ப்பாள வள்ளியாச்சி அதுக்கு முந்தியே எடுத்துட்டா.”

சேர் இரண்டு கட்டுரையையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒருத்தி புத்தகத்தை முழுசாகப் படித்தவள், மற்றவள் ஓட்டையோடு படித்தவள். அப்போது பஸ்னா எழுந்தாள்.

“அவள்ட கட்டுரைய அனுப்புங்க சேர். அந்தப் பூனைய நான் ரெண்டு தரம் வாசிச்சேன். எனக்கு அது வெறும் பூனைதான்.”

சேர் சுதர்ஷினியின் கட்டுரையை மேலே வைத்தார். அவளோ அதைப் பார்க்காமல் பஸ்னாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவள் இன்றைக்கு எப்படி மாறினாள்?

பிறகு பழக்கதோஷம், பின்னோக்கித் தேடினாள். பத்து நாள் தவணையில் எட்டாம் நாளே வந்த புத்தகம். அன்றைக்கும் தூறிக்கொண்டிருந்தது. தோட்டம் வரைக்கும் மூன்று மைல் கட்டை தூரம் இவள் நடந்து போகவேண்டும் என்று தெரிந்தோ என்னவோ, பஸ்னா தங்கள் துணிக்கடையின் பிளாஸ்டிக் சொப்பிங் பேக் இரண்டைப் போட்டு, நனையாமல் இறுக்கிக் கட்டித்தான் கொடுத்திருந்தாள். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் அன்றைக்கு எவ்வளவு திட்டினோம் என்று நினைத்தபோது சுதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது.

மணி அடித்ததும் பஸ்னாவின் வாங்குப் பலகையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.