மைக்குக்குப் பக்கத்தில் நான்கு கோடு

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் இந்த வருஷம் என் தோட்டத்து மிளகாய் அத்தனையும் சொத்தையாகப் போகட்டும். சத்தியம் செய்தாயிற்று. இனி நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம்.

அறுவடைத் திருநாளான சூசொக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஜாட்கோல் ஊர்த்தலைவர் மா தொக்பே, அடுப்பில் சோயா விழுதுக் குழம்பு கொதிக்க, வலது கையில் இருந்த கரண்டியை வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. திரையில் மிரான் என்று இருந்தது. மூன்று வருஷமாக வராத பெயர்.

"அப்பா, இந்தச் சூசொக்குக்கு நான்..."

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது. கூடத்துக்கு ஓடினார், முற்றத்துக்கு ஓடினார், சோயா விழுதுச் சாடிகள் அடுக்கிய மேடையில் ஏறி நின்று கையை உயர்த்தினார். ஒன்றும் இல்லை. குழம்பு தீய்ந்த வாசனை வந்தபோதுகூட அவர் அந்த 'நான்' மேலேயே நின்றுகொண்டிருந்தார். நான் வருகிறேன் என்பதற்கும் அதே 'நான்'தான், நான் வரவில்லை என்பதற்கும் அதே 'நான்'தான்.

மூன்று வருஷம் முன்பு மகள் கணவனைப் பிரிந்து, ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று பூசான் நகரத்திலிருந்து கேட்டிருந்தாள். "ஊர் வாய் கொஞ்சம் அடங்கட்டும்மா, அப்புறமா வா" என்றார் தொக்பே. இதமாகத்தான் சொன்னோம் என்று அவருக்கு எண்ணம். அப்போதும் பேச்சு பாதியில் நின்றது. கைப்பேசிக் கோபுரம் சரியில்லை, அதனால்தான் அறுந்தது என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் வருஷம் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வீடு தாத்தா கட்டியது. இரண்டடி கனத்தில் மண்ணும் கல்லுமான சுவர், மேலே தகரம், மூன்று பக்கமும் மலை. ஒருமுறை கைப்பேசிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கருவியை நீட்டி அளந்து பார்த்தார். "ஐயா, சிக்னல் உங்க ஊர் வாசல் வரைக்கும் ஒழுங்கா வருது. செருப்பைக்கூடக் கழட்டிடுது. உள்ள வரத்தான் கூச்சப்படுது" என்று சொல்லிவிட்டு, கொடுத்த பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாளில் தொக்பே செய்யாதது இல்லை. வீட்டுக்குள் ஒரு கோடு தெரிந்தது செங்கோழியின் முதுகில் மட்டும்தான். அதுவும் அது ஓடும்போதுதான். குழந்தையைத் துணியால் கட்டிச் சுமப்பதுபோல் கைப்பேசியை அதன் முதுகில் கட்டினார். மணி அடித்தால் கோழி ஓடும், கோடு வரும். பேசக் கோழியைப் பிடித்தால் கோடு போய்விடும். இப்படி ஏழு அழைப்புகள் போயின. எட்டாவது அழைப்பைக் கோழியே எடுத்துவிட்டது. என்ன பேசியது என்று அது இன்றுவரை சொல்லவில்லை.

சூசொக்குக்கு முந்தின நாள் காலை, சாமான் அறை மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டார். பத்தொன்பது வருஷமாக ஊருக்கு அறிவிப்பு சொல்வது அதில்தான்: உரம் வந்திருக்கிறது, பன்றி வேலியைத் தாண்டியிருக்கிறது, மழை வரும் மிளகாயை அள்ளுங்கள். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் தாமதம், கைப்பேசியில் நான்கு கோடு. பெட்டியை அணைத்தார். கோடு இல்லை. போட்டார், நான்கு. பதினேழு தடவை போட்டு அணைத்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. மைக் உயிரோடு இருந்தால்தான் சிக்னல். அப்படியானால் மகளிடம் பேசுவதை ஊர் முழுக்கக் கேட்கும். அவள் சொல்வதையும் கேட்கும்.

அவர் யோசிப்பதற்குள் மணி அடித்தது.

"அப்பா? கேக்குதா?"

நான்கு கம்பத்து ஒலிபெருக்கிகளும் கேக்குதா என்றன. மலை இன்னொரு முறை கேட்டது. தொக்பே தொண்டையைச் செருமினார். அந்த மைக்குக்கு முன்னால் அவருக்கு ஒரே விதமாகத்தான் பேச வரும்.

"ஆ... ஆ... ஊர்த்தலைவர் பேசுறேன். கேக்குது."

"என்னப்பா, உரம் வந்த மாதிரி பேசுறீங்க? எதிரொலி வேற."

"மலை அப்படி. அன்னிக்கு 'நான்'னு சொன்னதோட நின்னுபோச்சு. மிச்சத்தைச் சொல்லு."

"நான் வரலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." என்றாள் மிரான். "ஊர் வாய் அடங்கிடுச்சாப்பா?"

பள்ளத்தாக்கில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. தொக்பேயின் விரல் பெட்டியின் பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினால் ஊருக்குக் கேட்காது. அவளுக்கும் கேட்காது.

கீழ்வயலிலிருந்து கோக்சொங்காரியின் குரல் வந்தது. கோக்சொங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அறுபது வருஷம் ஆகியும் அவளுக்கு அதுதான் பேர். அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. "தலைவரே! பொண்ணு கேக்குதில்ல? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?"

எதிர்ச் சரிவிலிருந்து மாட்டுக்காரர் பாங் கத்தினார். "நாங்க எப்ப வாயத் தொறந்தோம்? எம் மாடுகூட அந்தப் புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல!"

"உன் மாடு பேசாது. நீதான்யா சந்தையில பேசின!"

"ஒரே ஒரு தடவ!"

"இருங்க, சொல்றேன்ல!" என்று தொக்பே ஜன்னல் பக்கம் திரும்பி அதட்டினார்.

"யார்கிட்டப்பா பேசுறீங்க?" என்றாள் மிரான்.

"ஊர்கிட்ட."

அவர் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்.

"ஊர் மக்களுக்கு அறிவிப்பு. மூணு வருஷம் முன்னாடி ஊர்த்தலைவர் தன் மகளுக்குச் சொன்ன ஒரு வார்த்தை இத்தோட ரத்து செய்யப்படுது. அந்த வார்த்தையை ஊர் சொல்லல, அவரேதான் சொன்னார். பின்கட்டு அறை காலியா இருக்கு. தரைக்கு அடியில தீ மூட்டிச் சூடாக்கியாச்சு. மேற்படி மகள் எந்த நேரமும் வரலாம். அறிவிப்பு முடிஞ்சது."

எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வது வழக்கம். வயலில் இருப்பவர்கள் முதல் தடவை நிமிர்வார்கள், இரண்டாம் தடவைதான் கேட்பார்கள். ஆகவே, "மறுபடியும் அறிவிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். ரத்து என்ற இடம் வரைக்கும் சரியாகப் போயிற்று. அதற்கப்புறம் அறிவிப்புக்குரிய வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"வந்துடும்மா," என்றார். "வீடு ரொம்பப் பெருசா இருக்கு."

இந்தத் தடவை பேச்சு அறுந்துவிடவில்லை. நான்கு கோடுகளும் அப்படியே இருந்தன, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மிரானின் மூச்சு மட்டும் நான்கு கம்பங்களிலிருந்தும் இறங்கி, மிளகாய் வயல்மேலும் சீமைப்பனிச்சைப் பழமரங்கள்மேலும் பரவியது. கோக்சொங்காரி கூடையை இடுப்பில் வைத்தபடி கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாங் மாட்டின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஜாட்கோலில் உயிரோடு குடியிருந்தவர்கள் மொத்தம் ஒருவர், ஊர்த்தலைவர் மட்டும்.