கணக்கில் வராத நொடிகள்

அவசர அழைப்பு மையத்தில் நாத்தனாருக்குக் கீழ்த்தளத்தில் வேலை, பூதக்கண்ணாடிக்கு மேல்தளத்தில். கீழே ஹெட்ஃபோன் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அலறிக்கொண்டு வரும் குரல்களிடம் முகவரியைப் பிடுங்கி ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். அந்த அழைப்புகளை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சர்வர்களை மேலே நாலைந்து பேர் கட்டி மேய்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி, பிழை என்று ஒன்று வந்துவிட்டால் மூக்கு திரையில் உரசக் குனிந்து தேடுவாள் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது நாத்தனார்தான். கேன்டீனில் பழகி, பிடித்துப்போய், தன் தம்பிக்கு இவளைக் கேட்டு வந்து கட்டி வைத்ததும் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட நாத்தனாரும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்படி நகமும் சதையுமாக இருந்து எங்கே பார்த்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அந்த மழை நாளோடு அது முடிந்தது. அழைப்புகள் கொட்டித் தீர்த்தன. விபத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தையற்காரரின் மனைவியும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே கூப்பிட்டாள். கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். மறுமுனையில் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தது நாத்தனார். வண்டி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

விசாரணை வைத்தார்கள். "என் மேசைல மணி அடிச்சதும் எடுத்துட்டேன் சார். அதுக்கு முன்னாடி அடிக்கவே இல்ல" என்றாள் நாத்தனார். அதிகாரி மேல்தளத்தைக் கேட்டார். சர்வருக்குள்ளே ட்ரேஸர் என்று ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் அடிமடியான கர்னலில் எது எப்போது நடந்தது, எதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒன்றுவிடாமல் குறித்து வைப்பது அதன் வேலை. அதைப் பராமரித்தவள் பூதக்கண்ணாடி. அழைப்பு வந்தவுடனே நாத்தனாரின் மேசைக்குப் போய்விட்டது என்றது ட்ரேஸர். அவள் எடுத்ததோ ரொம்ப நேரம் கழித்து. அதிகாரி கேட்டதற்குப் பூதக்கண்ணாடி உள்ளதை உள்ளபடி சொன்னாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த அறையிலேயே தையற்காரரின் மனைவி எழுந்து வந்து, "நீ நல்லா இருப்பியா?" என்று நாத்தனாரின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். வேலை போயிற்று.

வீட்டில் அதன்பின் சாப்பாடு நடந்தது, துணி துவைத்தார்கள், பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் தம்பி தாங்க மாட்டாமல், "அக்கா பொய் சொல்ற ஆளா?" என்று மனைவியைக் கேட்டான். "பொய்னு யாரு சொன்னா? அன்னைக்கு இருந்த நெருக்கடில அசந்திருப்பாங்க. மெஷினுக்கு அப்படி அசதி வராதுல்ல" என்றாள் அவள். நாத்தனார் இருந்த பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

பிழை வேறொரு வாசல் வழியாக வந்தது. மேல்தளத்தில் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்து மேசைச் சோதனையாளர் ஒருநாள் காலையில் சிரித்துக்கொண்டே, "உன் ட்ரேஸர்கிட்ட ஒரு நிமிஷத்துக்குக் கணக்குக் கேட்டா கொஞ்சம் அமுக்கிட்டுத் தருதே, கமிஷனா?" என்றார். அவளும் சிரித்தாள். உண்மையிலேயே, சர்வருக்கு வேலை அதிகமாகும்போது ட்ரேஸர் குறித்த நேரங்களின் கூட்டுத்தொகை குறைந்தது. நேரம் எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது.

ட்ரேஸர் தான் குறிப்பதை முதலில் ஒரு சின்னத் தொட்டியில் போடும். பஃபர் என்பார்கள். அது நிரம்பினால் என்ன செய்கிறது என்று நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். தொட்டி நிரம்பினால், இடம் கிடைக்கும்வரை காத்திரு என்று எழுதியிருந்தது. தானாகக் காத்திருந்தாலும் பரவாயில்லை, கணினியின் மூளையான ப்ராசஸரையே கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருந்தது. அந்த நேரத்தில் அங்கே எதுவும் அசையாது. ட்ரேஸரின் சொந்தக் கடிகாரமும் அசையாது. கட்டு அவிழ்ந்ததும், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு போகும்.

விசாரணை அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். மணி அடித்த நேரத்தை விசாரணையில் எடுத்தது ட்ரேஸரின் கடிகாரத்திலிருந்து. போனை எடுத்த நேரத்தை எடுத்தது மேசைக் கணினியின் கடிகாரத்திலிருந்து. ஒன்று தூங்கியது, மற்றது விழித்திருந்தது. இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தைத்தான் நாத்தனாரின் அலட்சியம் என்று எல்லாரும் படித்தார்கள்.

சோதனை சர்வரில், மழை நாள் அளவுக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டிப் பார்த்தாள். மேசை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அழைப்பு உள்ளே வந்துவிட்டது, போன் மௌனமாகக் கிடந்தது. வெகுநேரம் கழித்து அடித்தது. ட்ரேஸரைப் பார்த்தாள். உடனே அடித்ததாகச் சொன்னது. தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க வைத்த கருவியே தாமதத்தை உண்டாக்கி, அதை மறைத்தும் வைத்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

திருத்தம் சின்னதுதான். தொட்டி நிரம்பினால் காத்திருக்காதே, குறிப்பைத் தூக்கி எறி, எத்தனை எறிந்தாய் என்று மட்டும் சொல். கடிகாரத்தையும் நடுவில் நிற்காத ஒன்றாக மாற்றினாள். மறுபடி கொட்டிப் பார்த்தாள். போன் உடனுக்குடன் அடித்தது. ஒவ்வொரு முறை அது அடித்தபோதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மேலாளர் முழுவதையும் கேட்டார். கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி பண்ணியாச்சுல்ல? சிறு மேம்பாடுன்னு போட்டு ஏத்திடும்மா. பழசைத் தொட்டா கிணறு வெட்டப் பூதம் கிளம்பும்" என்றார்.

"பூதம் ஏற்கெனவே எங்க வீட்லதான் சார் இருக்கு" என்றாள் அவள். நடந்ததை நடந்தபடி எழுதி விசாரணை அதிகாரிக்கே அனுப்பினாள். பராமரித்தவள் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது வெயில் இறங்கவில்லை. நாத்தனார் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னைக்குப் போன் உங்க மேசைக்கு லேட்டாத்தான் வந்துச்சு."

நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "அதைத்தானே நான் சொன்னேன்."

"ட்ரேஸர்லதான் தப்பு அண்ணி. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

"நான் சொன்னப்ப நம்பல. இப்ப மெஷின் சொன்னதும் நம்பிட்ட." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உன்னை விடு. நானே என்னை நம்பல தெரியுமா? எல்லாரும் சொல்றாங்களே, அடிச்சுக்கிட்டு இருந்ததைத்தான் கேக்காம உக்காந்திருந்தேனோ, அந்தாளைக் கொன்னுட்டேனோன்னு... தினம் அந்த மணி காதுக்குள்ள அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப அது அடிக்கவே இல்லைங்கிற. நான் எதை நம்புறது?"

பூதக்கண்ணாடி காலடியில் உட்கார்ந்து அழுதாள். நாத்தனார் அவள் தலையில் கை வைக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

தையற்காரரின் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றது நாத்தனார்தான். இருவரும் போனார்கள். முன்னறையில் தையல் மெஷின் துணி போட்டு மூடிக் கிடந்தது. தொட்டி, கடிகாரம் என்று தனக்குத் தெரிந்த எளிய சொற்களில் பூதக்கண்ணாடி எல்லாம் சொன்னாள். அந்த அம்மாள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப இவங்க மேல தப்பு இல்லை."

"இல்லைம்மா."

"அப்ப யாரு மேல?"

அந்த நிரலை எழுதியவர் எந்த ஊரோ, எந்த வருடமோ. அதை நம்பியவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். "என்னைத் திட்டுங்கம்மா" என்றாள்.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "திட்டுறதுக்கு ஒரு ஆளாவது இருந்துச்சுன்னு இருந்தேன். அதையும் பிடுங்கிட்டுப் போக வந்தீங்களா? போங்க, போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உத்தரவு மாறி வந்தது. நாத்தனார் வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவள் போகவில்லை. ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை பிடித்துக்கொண்டாள். அதே ட்ரேஸர் வேறு ஊர் மையங்களிலும் ஓடியது. பூதக்கண்ணாடி எல்லாருக்கும் எழுதினாள். புதுப்பித்துவிட்டோம், நன்றி என்று பதில் வந்தது. பழைய தாமதங்களைத் திரும்பப் பார்த்தீர்களா, யாருக்காவது வேலை போயிருக்கிறதா என்று மறுபடி கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் நாத்தனார் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டாள். தம்பி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான்.

"கோபம் இல்லைடி" என்றாள் வாசலில், பூதக்கண்ணாடியைப் பார்த்து. "உன் மூஞ்சியைப் பார்த்தா அந்த விசாரணை ரூம் ஞாபகம் வருது. நானும் என்ன பண்ணட்டும்?"

பூதக்கண்ணாடி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, கீழே நின்ற வண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றினாள்.