நீலக் கம்பம், ஆரஞ்சுக் கம்பம்

மார்ச் 7, வெள்ளிக்கிழமை. பங்குத் தரகு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், வாடிக்கையாளர்களுக்குக் காலையில் சார்ட் விளக்குபவரின் இடம் காலியாக இருந்தது. ஆள் எடுக்கத் திங்கட்கிழமை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பரீட்சை. தொலைபேசி மேஜையிலேயே தலை நரைத்து, 'ரிசீவர்' என்று பெயர் வாங்கியிருந்தவர் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார்.

அதே அலுவலகத்தில் சார்ட் தயாரிப்பவள் அவருடைய மனைவியின் தங்கை. அவளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். திரையில் மேலே விலைக்கோடு. கீழே வால்யூம் கம்பங்கள். அன்றன்று கைமாறிய பங்குகளின் அளவுக்கு ஏற்ற உயரம். விலை ஏறிய நாள் பச்சை, இறங்கிய நாள் சிவப்பு.

"இந்த உசரமான கம்பத்தைப் பாருங்க. அடிச்சுப் பிடிச்சு வாங்கியிருக்காங்க!"

"மாமா, அது சிவப்பு. அடிச்சுப் பிடிச்சு வித்திருக்காங்க."

"எது சிவப்பு? எல்லாம் ஒரே கலராத்தானே நிக்குது?"

அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். ஒரு சாக்ஸ் பச்சை, மற்றது சிவப்பு.

"அதான் அக்கா தினமும் வாசல்வரைக்கும் வந்து சிரிக்கிறாளா?"

"வழியனுப்ப வர்றான்னுல்ல நெனச்சேன்!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வால்யூம் அமைப்பைத் திறந்தாள். ஏற்றத்துக்கு நீலம், இறக்கத்துக்கு ஆரஞ்சு. குறுக்கே சராசரிக்கு ஒரு தடித்த கோடு.

ரிசீவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடேயப்பா! இதெல்லாம் இத்தனை நாளா இங்கயேவா இருந்துச்சு?"

பக்கத்து மேஜைக் கணக்காளரையும் இழுத்து வந்து காட்டினார்.

"எங்களுக்கு எப்பவும் தெரியுதுய்யா, உக்காரு."

திங்கட்கிழமை மேலாளர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா இது, சர்க்கஸ் கூடாரம் மாதிரி? பழையபடி மாத்தும்மா."

அவள் விரல் மவுஸில் நின்றது.

"மாத்தாதீங்க!" முன்வரிசையில் ஒரு வாடிக்கையாளர் கையைத் தூக்கினார். துணிக்கடைக்காரர். "எனக்கு இன்னைக்குத்தான் எது எதுன்னே தெரியுது."

"துணிக்கடை வச்சிருக்கீங்களே சார்?" என்றார் மேலாளர்.

"கலருக்கு வீட்டுக்காரி இருக்கா."

சிரிப்பு அடங்கியதும் ரிசீவர் தொடங்கினார். "விலை ஏறுது. ஆனா நீலக் கம்பம் நாளுக்கு நாள் குட்டையாகி, சராசரிக்குக் கீழ போயிடுச்சு. வண்டி மேல ஏறுது, தள்ள ஆள் குறையுது. அவசரப்பட வேண்டாம்."

மேலாளர் தலையாட்டினார்.

மறுநாள் முதல் காலை விளக்கம் ரிசீவருடையது. வண்ணங்கள் மாற்றப்படவில்லை. அவர் மனைவி வாசல்வரை வருவதையும் நிறுத்தவில்லை.