முன்மொழிய ஓர் ஆள்

பர்னபாஸ் வேலையை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. சுரங்கம் சர்க்காருடையது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் சட்டசபைக்கு நிற்க முடியாது என்றார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதம் தந்தார்கள்.

வேட்புமனு கொடுக்க இன்றுதான் கடைசி நாள். தேர்தல் அதிகாரி பங்காருபேட்டையில் உட்கார்ந்திருந்தார். பகல் ரயிலை விட்டால் போய்ப் பயனில்லை. மனுவில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. முன்மொழிபவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. தொகுதியில் ஓட்டு உள்ள யாராவது ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

தையல்காரன் தம்மபாலன் காலையிலிருந்து ஆறு வீடு ஏறி இறங்கிவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்தான். அவனே போட்டிருப்பான். வோட்டர் லிஸ்டில் அவன் பெயர் விட்டுப்போயிருந்தது.

"ஒருத்தருக்குக் கை சுளுக்காம். ஒருத்தரு பொண்டாட்டிய கேட்டு சொல்றேன்றாரு. அவரு பொண்டாட்டி செத்து நாலு வருஷம் ஆவுது. இன்னொருத்தரு, ஓட்டு போடறேன், கையெழுத்து மட்டும் கேக்காதன்றாரு. ஓட்டு போட்டது வெளிய தெரியாது பாருங்க."

பர்னபாஸ் தலையை ஆட்டினார். யார் மேலும் கோபம் வரவில்லை. சர்க்காரை எதிர்த்து நிற்கிறவனுக்கு சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

மனைவி தங்கம்மாவிடம் முந்தின நாளே கையெழுத்துக் கேட்டிருந்தார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "வீட்ட காலி பண்ணணும்னீங்க. பண்றேன். அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

தம்மபாலன் நோட்டீஸுக்கு வைத்திருந்த தாளை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ரயிலுக்கு நேரம் இருக்குது. இதையாவது முடிப்போம். பிறந்த ஊரு, படிப்பு எல்லாம் எழுதிட்டேன். ஏன் நிக்கிறீங்கன்னு ரெண்டு வரி சொல்லுங்கண்ணா."

"ஒரு கேள்வி கேக்கணும்."

"அத போட்டா எவன் ஓட்டு போடுவான்? கிளாரன்ஸப் பத்தி எழுதலாமா?"

"வேணாம். தங்கம்மா வேணாம்னுட்டா."

பர்னபாஸ் பதினெட்டு வருடம் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில், ஆட்கள் நிற்கும் கூண்டான கேஜை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கை. இன்ஜின் ரூமிலிருந்து ஷாஃப்டின் வாய் தெரியாது. மணிச் சத்தமும் ஆழம் காட்டும் முள்ளும்தான் அவருக்குத் தெரியும். டிரைவரிடம் பேசக்கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. பேசினால் கவனம் சிதறும். சிதறினால் கேஜில் இருப்பவர்கள் போய்விடுவார்கள். யாரும் பேசியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை ஷிஃப்டில் கீழே பாறை வெடித்தது. இன்ஜின் ரூம் தரை ஒருமுறை அதிர்ந்தது. பிறகு மணி அடிக்க ஆரம்பித்தது. மணி மூன்று தரம் அடித்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். உயிரோடு வருகிறானா இல்லையா என்பதை மணி சொல்லாது. அவர் ஏற்றினார், இறக்கினார். மகன் கிளாரன்ஸ் வழக்கமாக வேலை செய்தது பாறை வெடித்த லெவலில், அந்த ஆழத்தில், இல்லை. அன்று மட்டும் ஆள் குறைவென்று அங்கே மாற்றி அனுப்பியிருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. நான்காவது நடையில் கிளாரன்ஸ் மேலே வந்தான். அதற்குப் பிறகும் பத்தொன்பது நடை. அடுத்த டிரைவர் வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொன்னார்கள்.

அவர் அழவில்லை. மறுவாரம் வேலைக்குப் போனார்.

"மாரிகுப்பத்துல ராஜப்பா ஒருத்தரு பாக்கி" என்றான் தம்மபாலன். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

ராஜப்பா பேங்க்ஸ்மேன். ஷாஃப்டின் வாயில் நின்று கேஜின் கதவைத் திறப்பவன், மணி அடிப்பவன். அன்று கிளாரன்ஸின் உடலை வெளியே எடுத்து வைத்தவன். எடுத்து வைத்துவிட்டுக் கேஜை இறக்க மணி அடித்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருவரும் ஒரே ஷாஃப்டில் மணியில் பேசிக்கொண்டார்கள். வாயால் பேசவில்லை.

"போலாம்" என்றார் பர்னபாஸ்.

ராஜப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். வீட்டில் இருந்தான். அவன் மனைவி நாகம்மா முக்காலியைப் போட்டாள்.

"இன்னாத்துக்கு வந்தீங்கன்னு தெரியும்" என்றான் ராஜப்பா. "தையக்காரரு பேப்பர வச்சிகினு தெருத்தெருவா சுத்தறாருன்னு சொன்னாங்க. அங்க போயி இன்னா கேக்கப் போற பர்னபாசு?"

"ஷிஃப்டுக்கு ரெண்டு டிரைவர் போடணும்னு."

"எழுதிப் போட்டா பத்தாதா?"

"நாலு தரம் எழுதினேன். சட்டசபையில யாராச்சும் கேட்டாதான் ஃபைலு நகரும்னு கிளார்க்கு சொன்னாரு."

"அதுக்கோசரம் நீயே போறியா?"

"வேற யாரும் கேக்கல."

ராஜப்பா சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நீ கேட்டா கதை வெளிய வரும். அன்னிக்கு மேல நின்னவன் எவன்னு கேப்பாங்க. பெத்தவன்கிட்ட சொல்லாம வேல வாங்கினவன்னு என்னத்தான் சொல்வாங்க."

"நீ செஞ்சது சரி. சொல்லியிருந்தா என் கை நடுங்கியிருக்கும். கீழ இன்னும் ஆளுங்க இருந்தாங்க."

"அப்ப இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"இன்னொரு டிரைவர் இருந்திருந்தா நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

இதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பர்னபாஸ் யோசித்தார்.

"எழுந்து வந்து அவன் பக்கத்துல நின்னிருப்பேன்."

நாகம்மா உள்ளே போய்விட்டாள். ராஜப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு ரெண்டு தரம் உன் ஜன்னலாண்ட வந்தேன்" என்றான். "உன் முதுகு தெரிஞ்சுது. ரெண்டு தரமும் திரும்பிட்டேன்."

"எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தம்மபாலன் மனுவை நீட்டவா வேண்டாமா என்று நின்றான். ராஜப்பாவே கை நீட்டினான். "பேனா குடு தையக்காரரே."

உள்ளிருந்து நாகம்மாவின் குரல் வந்தது. "மருமகன் பேரு வேல லிஸ்ட்ல இருக்குது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குது."

"பேர அடிச்சிடுவாங்க."

"அடிப்பாங்க" என்றான் ராஜப்பா. அவனுக்கு எழுத்து மெதுவாக வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவை எடுத்தெடுத்து வைத்தான். தம்மபாலன் வோட்டர் லிஸ்டில் அவன் பெயரைத் தேடி, நம்பரைச் சொன்னான். அதையும் எழுதினான்.

நன்றி சொல்ல வேண்டும் என்று பர்னபாஸுக்குத் தோன்றியது. நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. நம்பரை மட்டும் லிஸ்டோடு ஒருமுறை ஒத்துப்பார்த்தார். சரியாக இருந்தது.

"தோத்துட்டா?" என்றான் ராஜப்பா.

"வேற ஊர்ல வேல தேடணும்."

"ஜெயிச்சா?"

"கேக்கணும்."

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. தம்மபாலன் டிக்கெட் வாங்க முன்னால் ஓடினான். பர்னபாஸ் மை காயட்டும் என்று தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி நடந்தார்.