நிறுத்தச் சொன்ன சத்தம்

தையலம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு பூங்கொத்தையும் திணித்துவிட்டுப் போனான் அவள் கணவரின் மாணவன். மேடையில் அவள் வீட்டுக் குண்டானும் கரண்டிகளும் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தன. அவற்றைத் தட்டியே காலமெல்லாம் இசையமைத்தவரைத் தெருவே ‘உருட்டல் மாஸ்டர்’ என்று கிண்டலடித்தது. செத்து ஒரு மாதத்தில் பாராட்டு விழா, அரங்கம் நிறைந்த கூட்டம். இதில் கால்வாசிப் பேர் அவர் உயிரோடிருந்தபோது வந்திருந்தால் மனுஷர் தலைகால் தெரியாமல் ஆடியிருப்பார்.

"நல்ல கூட்டம் அண்ணி," என்றார் பக்கத்திலிருந்த கொழுந்தன்.

"என் பாத்திரத்தை எவனும் தூக்கிட்டுப் போகாம பாத்துக்கோங்க."

அவளால் கிண்டல் பேச முடிந்தது. "ஒரு நொடிதாம்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவர் சாவைப் பற்றி டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் தூங்கி எழுந்தாள்.

மாணவன் மைக்கைப் பிடித்தான். "சார் கடைசியா சமையல்கட்டுல பதிவு பண்ணினது. எங்கயும் கை வைக்காம அப்படியே போடறேன்."

ஒலிபெருக்கியில் ஏதோ கனமாக விழுந்தது. குண்டான் உருண்டது. இழுத்து இழுத்து ஒரு மூச்சு. பிறகு தரையில் கரண்டி: டக், டக், டக். மூச்சும் இருமலும்கூட அவருக்கு வாத்தியம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தையலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தத் தட்டலை அவள் அவர் செத்த அன்றே கேட்டிருந்தாள். முன்னறையில் அவசரத் தையல். அங்கே தட்டல் மட்டும்தான் கேட்டது, மூச்சு கேட்கவில்லை.

"கொஞ்சம் நிறுத்தித் தொலைங்களேன், வேலை ஓடல."

பதிவில் அவள் குரல்தான். கூட்டம் சிரித்தது. முன்னறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது, தட்டல் நின்றது.

வழக்கமாக நிறுத்தச் சொன்னால் வேண்டுமென்றே இன்னும் ரெண்டு தட்டு தட்டுவார். அன்று உடனே நின்றதும், அதிசயம்தான் என்று சந்தோஷமாகத் தைத்தாள்.

பதிவில் தட்டல் நின்ற பிறகும் மூச்சு வெகுநேரம் கேட்டது. அதற்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாணவன் கண்ணைத் துடைத்தபடி இறங்கி வந்து அவள் பக்கம் குனிந்தான். "அம்மா, அந்த முடிவு பிரமாதம். உங்ககிட்ட முன்னாடியே சொல்லிவெச்சாரா?"

தையலம்மா மேடையிலிருந்த கரண்டிகளையே பார்த்தாள்.

"அண்ணி, என்னாச்சு?" என்றார் கொழுந்தன்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றது பின்வரிசை. மாணவன் ஓடிப்போய்ப் போட்டான்.

குண்டான் உருண்டது. டக், டக், டக்.

தன் குரல் வருவதற்குள் தையலம்மா எழுந்துவிட்டாள். பூங்கொத்து மடியிலிருந்து விழுந்தது.

"இதோ வந்துட்டேங்க," என்றபடி மேடைப் படியில் கால் வைத்தாள்.