இரைச்சலில் கேட்கும் காது

அவள் அச்சகத்தில் புத்தகம் தைப்பவள். அவள் கணவனுக்கு நூலகத்தில் வேலை. வருடக்கணக்காக அடக்கிப் பேசியே பழகியதில் வீட்டிலும் அவன் குரல் தாழ்ந்துதான் இருக்கும்.

ஒரு நாள் அவள் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க அவன் அச்சகத்துக்குப் போனான். இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. அவன் பேசியது அவனுக்கே கேட்கவில்லை. அவளோ தையலிலிருந்து தலையைத் தூக்காமலே, ஆளுக்கொரு மூலையிலிருந்து வந்த கேலிக்கெல்லாம் பதிலடி கொடுத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லி மெஷின்காரர் அவன் காதருகே வந்து கத்தினார்: “உங்க வீட்டம்மாவுக்குப் பாம்புக் காது தம்பி. இங்க ஒரு ரகசியம் பேச முடியல.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மூன்று முறை கூப்பிட்டாலும் திரும்பாதவள் அவள். அன்று மாலை அவள் எதிரே வந்து நின்று கேட்டான்.

“என் பேச்சு மட்டும்தான் உனக்குக் கேக்காதா?”

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். தன் மனசுதான் அவனை ஒதுக்குகிறதோ என்று அவளே தன்னைச் சந்தேகித்தாள். நடுவில் வந்த நாத்தனார், காதில் அழுக்கு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் அச்சக இரைச்சல் காதைத் தின்றிருக்கும் என்று இருவரையும் காது டாக்டரிடம் விரட்டினாள்.

டாக்டரம்மா விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, செவிப்பறையில் ஓட்டையும் இல்லை. பிறகு, சத்தமான இடத்தில் நன்றாகக் கேட்கிறதா என்றார்.

“எங்க சண்டையே அதுதான் டாக்டர்,” என்றான் அவன்.

அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி ஒலிக்கவிட்டு அவள் காதருகே பிடித்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அதையே மறுபடி தட்டி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றினார். அவள் கண்கள் விரிந்தன. தலைக்குள் எங்கோ ஒரு மணி அடித்து, அடங்காமல் நீண்டுகொண்டே போனது. காது வழியாக வர முடியாத ஒலி எலும்பு வழியாக வந்துவிட்டது.

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். செவிப்பறை அதிர்ந்தால் முதலாவது இரண்டாவதைத் தள்ளும், அது மூன்றாவதைத் தள்ளும். அந்த மூன்றாவது அரிசிமணியைவிடச் சின்னது. உலகத்துச் சத்தமெல்லாம் அதன் அசைவில்தான் உள்காதுக்குப் போகிறது. அவளுக்கு அதன் அடியில் புது எலும்பு வளர்ந்து, துருப்பிடித்த கீல்போல அதை இறுக்கியிருக்க வேண்டும். இரைச்சல் தின்ற காதாக இருந்தால் உள்காதே கெட்டிருக்கும். எலும்பில் ஊன்றியும் கேட்டிருக்காது. முழுச் சோதனையும் அப்படியே சொன்னால் காதுக் கருவி வைக்கலாம், அல்லது அறுவை செய்து அந்த எலும்புக்குப் பதில் ஒரு நுண்ணிய தண்டைப் பொருத்தலாம்.

“அப்ப மெஷின் ஓடும்போது மட்டும் எப்படிக் கேக்குது?” என்றான் அவன்.

“மெஷின் சத்தத்தையும் அந்த அடைப்பு பாதி தடுத்துடுது. மத்தவங்களோ அதுக்கு மேல கத்திப் பேசறாங்க. அதனால இவங்களுக்குப் பேச்சு தெளிவா கேக்குது. நீங்க வீட்ல மெதுவா பேசறீங்க இல்லையா?”

அவன் தலை குனிந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அரிசிமணி அளவுகூட இல்லாத எலும்பு இத்தனை நாள் தன் வீட்டை ஊமையாக்கி வைத்திருந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின. அவன் வாழ்க்கையில் முதன்முறையாகத் தெருவில் குரலை உயர்த்தினான்.

“கேக்குதா?”

“ஏன் கத்தறீங்க, கேக்குது.”

அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. அவன் ஏறவில்லை.

“அடுத்ததுல போலாம். வீட்டுக்குப் போனா கேக்காது. நிறைய சொல்லணும்,” என்றான்.