சுடாமலே தேய்ந்த ஸ்பிரிங்

என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. முறையான லைசன்ஸ் உண்டு. இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை என்று என் மனைவி நிர்மலா சொல்வாள். அது அபாண்டம். இரண்டு நிமிடம்தான்.

மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை சம்பளப் பணம் எடுத்து வரப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னத் துப்பாக்கி. வாங்கிய மறு வருடமே சம்பளமெல்லாம் தொழிலாளிகளின் பேங்க் கணக்குக்கு நேராகப் போக ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கிக்கு வேலை போய்விட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அதற்கு வேறு வேலை கொடுத்தேன். ஆபீசுக்கு யார் வந்தாலும், நூல் ஏஜெண்டோ சாயப்பட்டறைக்காரரோ, காபி வருவதற்குள் டிராயரைத் திறப்பேன். குண்டு இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து விடுவேன். சடக்! அந்தச் சத்தம் கேட்டதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். எனக்கு அது போதும். ஒரு தடவை ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த அம்மா ஒருவருக்கும் காட்டினேன். அந்த அம்மா காபியைக் குடிக்காமலே காருக்குப் போய்விட்டார். ஆர்டரும் அவர் கூடவே போய்விட்டது. லைசன்ஸ்படி இப்படி எடுத்துக் காட்டுவதே தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் காட்டினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கம்பெனியை மகன் சதீஷ்குமாரிடம் கொடுத்துவிட்டு, பொங்கலூர் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டி நானும் நிர்மலாவும் குடிபோனோம். அக்கம்பக்கம் வீடு இல்லை. போன மாதம் எங்களுக்கு நான்கு தோட்டம் தள்ளி ஒரு வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்துவிட்டார்கள். மகன் உடனே போன் போட்டு, டவுனில் தன் அபார்ட்மெண்டுக்கே வந்துவிடச் சொன்னான். நான்காவது மாடி, வாசலில் வாட்ச்மேன். எனக்குப் போக இஷ்டமே இல்லை. உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வீட்டில் நான் மகுடேஸ்வரன். நான்காவது மாடியில் நான் சதீஷ்குமாரின் அப்பா.

"துப்பாக்கி இருக்கையில நமக்கென்ன பயம்?" என்று நிர்மலாவிடம் சொன்னேன்.

அவள் கையில் இருந்த அரிசித் தட்டைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அது வெடிச்சு நான் பார்த்ததே இல்லீங்களே. ஞாயித்துக்கிழமை உங்க கிளப்புல என் முன்னால அஞ்சு குண்டு சுட்டுக் காட்டுங்க. அஞ்சும் வெடிச்சுதுன்னா நீங்க சொன்னபடி. இல்லீனா நான் சதீஷ் ஊட்டுக்குப் போயிருவனுங்க."

அவ்வளவுதானா என்று ஒத்துக்கொண்டேன். துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வருடத்தில் இரண்டு நாள் போவேன். ஒன்பது வருடத்தில் மொத்தமாக இருநூறு குண்டு சுட்டிருந்தால் அதிகம். புத்தம் புது வண்டி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காதடைப்பை மாட்டிக்கொண்டு நிர்மலா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் குண்டு வெடித்தது. திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதுக்கு விசை அமுங்கியது, சத்தம் வரவில்லை. மேல் பாகம் முழுதாக முன்னால் வந்து மூடாமல் அரை விரல் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பெருவிரலால் தள்ளப் போனேன்.

"சார், கைய எடுங்க!" என்று ஒரு அதட்டல் கேட்டது. கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற ஜெபக்குமார். சாத்தான்குளத்துக்காரர், பட்டாளத்தில் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, குண்டுகளை எடுத்துவிட்டு, மேசைமேல் துணி விரித்துப் பிரித்தார். மேல் பாகத்தை முன்னால் தள்ளி மூடுகிற ஸ்பிரிங்கை உள்ளேயிருந்து எடுத்து, தன் பெட்டியிலிருந்த அதே மாடலின் புது ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். என்னுடையது விரல் அகலம் குட்டையாக இருந்தது.

"இத எப்ப சார் மாத்துனிய?"

"மாத்தலீங்க. நல்லாத்தானுங்க வெடிச்சிட்டிருந்துது."

சொன்ன வாயை மூடுவதற்குள் எனக்கே உறைத்தது. கம்பெனியில் ஷிப்டுக்கு ஒரு தரம் எல்லா மெஷினிலும் ஊசி மாற்ற வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஊசி ஒடிந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். "நல்லாத்தானே சார் ஓடுது" என்று சொன்ன டெய்லர் பாண்டியம்மாளை நிற்க வைத்து, ஓடும்போதே மாற்றுவதற்குப் பெயர்தான் மெயின்டனன்ஸ் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவன் நான். பாவம், அன்று அவளுக்கு புரொடக்ஷன் வேறு குறைந்துபோனது.

"சின்னத் துப்பாக்கில ஸ்பிரிங்கும் சின்னதுதான சார். இருக்குத கொஞ்ச எடத்துல அம்புட்டு இடியையும் அதுதான் தாங்கணும். பெருசுல உள்ளதவிட இத சீக்கிரமாவே மாத்திரணும்" என்றார் ஜெபக்குமார். "கம்பெனிக்காரன் புஸ்தகத்துல எத்தன ரவுண்டுக்கு மாத்தணும்னு போட்டிருப்பான். நீங்க எத்தன சுட்டிருப்பிய?"

"இருநூறுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருநூறுக்கு இப்படி ஆகாதே சார். சும்மா இழுத்து இழுத்து விடுவியளோ?"

நான் கூரையைப் பார்த்தேன். பதில் பின்னாலிருந்து வந்தது. நிர்மலா கல்யாணமான புதிதில் எங்கள் கம்பெனியில் தைத்த பனியனை எண்ணிச் சரிபார்க்கிற செக்கிங்கில் நின்றவள். பீஸ் எண்ணிப் பழகிய வாய்.

"ஒரு நாளைக்கு நாலு பேரு வருவாங்க. ஆளுக்கு அஞ்சு தடவைன்னா இருவது. வருசத்துக்கு முந்நூறு நாளுன்னா ஆறாயிரம். கம்பெனில இருந்த ஏழு வருசத்துக்கு நாப்பத்தி ரெண்டாயிரமுங்க" என்றாள். "தீவாளி பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்கள நான் சேர்க்கலீங்க."

ஜெபக்குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்து பெட்டியில் எதையோ தேடுவதுபோல் நடித்தார். நல்ல மனிதர். "சுட்டாலும் இழுத்தாலும் ஸ்பிரிங்குக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுக்கு முன்னால எப்பவாச்சும் இப்படி மூடாம நின்னுச்சா?"

"இல்லீங்க, இன்னைக்குத்தான்" என்றேன்.

நிர்மலா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "போன தீவாளிக்கு உங்க சித்தப்பாருக்குக் காட்டுனப்பவே நின்னுச்சுங்களே. நீங்க பெருவிரல்ல தள்ளிவுட்டீங்க. என்னன்னு கேட்டனுங்க. அதிகம் சுடாத துப்பாக்கி அப்படித்தான், இறுக்கமா இருக்கும்னு சொன்னீங்க."

உண்மை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தால் பதினைந்து நாளாகும், அதுவரை வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

"நானும் அத நம்பித் தூங்கினேன்" என்றாள். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஜெபக்குமார் புது ஸ்பிரிங் போட்டு, எண்ணெய் விட்டு, தானே இரண்டு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் நின்று சுட்டேன். ஐந்தும் வெடித்தது. அதில் மூன்று குண்டு இலக்கு அட்டையிலும் பட்டது, எனக்கு அது பெரிய சாதனை. வெட்கமில்லாமல் திரும்பி, "பார்த்தியா, அஞ்சும் வெடிச்சுது!" என்றேன்.

"பார்த்தனுங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றாள் நிர்மலா. கைப்பையிலிருந்து தோட்டத்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "ஊட்டுல நீங்க இருந்துக்கங்க. ஸ்பிரிங் போச்சுன்னா மாத்திக்கலாமுங்க. போனத எங்கிட்ட மறைச்ச ஆளு பக்கத்துல இருக்குறப்போ நான் எத நம்பிக் கண்ண மூடுறதுங்க?"

அங்கேயே மகனுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். அவன் வந்ததும் அவனுடைய காரில் ஏறும்போது ரசம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஆக, நான் ஜெயித்தேன். கேட்டது எல்லாம் கிடைத்தது. வீடு, சாவி, குறையில்லாமல் வேலை செய்கிற துப்பாக்கி. முதல் நாள் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மறுநாள் தென்னை மட்டை விழுந்ததற்கு எழுந்து உட்கார்ந்தவன் விடியும்வரை படுக்கவில்லை. மூன்றாம் நாள் குழாய் சொட்டுவதையெல்லாம் திருடன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அந்த வீட்டில் பயமே இல்லாமல் குறட்டை விட்டவன் நான்தான். அந்தத் தைரியம் துப்பாக்கி கொடுத்தது என்று நானும்தான் நம்பியிருந்தேன்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு மகனின் அபார்ட்மெண்டுக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறி மணியை அடித்தேன். நிர்மலா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஸ்பிரிங் நல்லா இருக்குதுங்களா?"

"அது நல்லாத்தான் இருக்குது" என்றேன். மூச்சு வாங்கியது. "எனக்குத்தான் தனியா இருக்கப் பயமா இருக்குது, நிர்மலா."

அவள் வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.